ஆறு பேர், ஒரே அரண்

எறிபந்து ஆட்டத்தில் கோல் விழுந்தவுடன், தற்காப்பில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பதைக் காணலாம். "அவரை நீதானே தடுத்திருக்க வேண்டும்?" என்று ஒருவர் கேட்பார். "நீ ஏன் நகர்ந்து வரவில்லை?" என்று மற்றவர் திருப்பிக் கேட்பார். பல வேளைகளில் இருவருக்கும் இடையே திறந்துகொண்ட இடைவெளிதான் கோலுக்குக் காரணமாக இருக்கும். அந்த இடைவெளியைச் சேர்ந்து மூடக் கற்றுத் தருவதே கூட்டுத் தற்காப்புப் பயிற்சியின் நோக்கமாகும்.

மலேசியப் பள்ளிகளில் 'போலா பாலிங்' என்றும் அழைக்கப்படும் இவ்விளையாட்டில் ஓர் அணிக்கு எழுவர் களமிறங்குவர். அவர்களுள் ஒருவர் கோல் காவலர். ஆட்டக்களம் 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்டது. கோலின் அகலம் 3 மீட்டர். அதற்கு முன்னால் 6 மீட்டர் தூரத்தில் வளைகோடு ஒன்று வரையப்பட்டிருக்கும். அக்கோட்டுக்குள் கோல் காவலர் மட்டுமே நின்று தடுக்கலாம். எனவே, மற்ற அறுவரும் கோட்டுக்கு வெளியே நின்றுதான் எதிரணியைத் தடுக்க வேண்டும்.

இங்கு ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அவ்வளைகோட்டின் நீளம் ஏறத்தாழ 22 மீட்டர். அதை அறுவருக்குப் பகிர்ந்தால், ஒருவருக்கு மூன்றரை மீட்டருக்கும் சற்று அதிகமாக வரும். ஒருவர் இரு கைகளை விரித்து நின்றாலும் அதில் ஏறத்தாழப் பாதியைத்தான் மறைக்க முடியும். அப்படியானால் மீதியை யார் காப்பது?

இதற்கு விடை பந்திடமே உள்ளது. பந்து ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் இருக்கும். அறுவரும் பந்து இருக்கும் பக்கம் சேர்ந்து நகர்ந்தால், அங்கே இடைவெளிகள் சுருங்கிவிடும். அப்போது மறுபக்கம் சற்றுக் காலியாகும். ஆனால், பந்து ஒவ்வொரு கையாக மாறி அங்கே போவதற்குள் அறுவரும் திரும்பி நகர்ந்துவிடலாம். ஒருவர் தாமதித்தாலும் அரணில் வாசல் திறந்துவிடும். ஊர் கூடித் தேர் இழுப்பதைப் போல, எல்லாரும் ஒரே நேரத்தில் அசைய வேண்டும்.

ஆகவே, முதல் பயிற்சி பந்தில்லாமலேயே தொடங்குகிறது. அறுவரும் வளைகோட்டின் முன் முழங்கால்களைச் சற்று மடக்கி நிற்பர். பயிற்றுநர் கைகாட்டும் பக்கம் அனைவரும் பக்கவாட்டில் சறுக்கி நகர்வர். கால்களைக் குறுக்கே வைக்கக் கூடாது. அப்படி வைத்தால் திசை மாறும்போது தடுமாற நேரிடும். தொடக்கத்தில் அருகருகே நிற்கும் இருவர் ஒரு துவாலையின் இரு முனைகளைப் பிடித்துக்கொள்ளலாம். துவாலை இழுபட்டால் இடைவெளி கூடிவிட்டது என்பதை இருவரும் கையாலேயே உணர்வர்.

இரண்டாவது பயிற்சியில் குரலுக்கு முதலிடம். இரு கூம்புகளுக்கு இடையே இரண்டு தற்காப்பாளர்களும் இரண்டு தாக்குதல் ஆட்டக்காரர்களும் நிற்பர். தாக்குபவர்கள் குறுக்கும் நெடுக்குமாக இடம் மாறுவர். தற்காப்பாளர்கள் இருவரும் அவர்கள் பின்னாலேயே ஓடினால் ஒருவரோடொருவர் மோதிக்கொள்வர், வழியும் திறந்துவிடும். அதற்குப் பதிலாக, "இவர் உனக்கு, அவர் எனக்கு" என்று உரக்கச் சொல்லி, தடுக்க வேண்டியவரை மாற்றிக்கொள்ள வேண்டும். பந்தையே கவனிப்பவருக்குத் தம் முதுகுக்குப் பின்னால் நடப்பது தெரியாது. அருகில் இருப்பவரின் குரல்தான் அவருக்கு மூன்றாவது கண். இப்பயிற்சியை முதலில் நடந்தும் பிறகு ஓடியும் செய்ய வேண்டும்.

மூன்றாவது பயிற்சி சற்றுக் கடினமானது. மூன்று தற்காப்பாளர்கள் நான்கு பேரின் தாக்குதலைச் சில விநாடிகளாவது சமாளிக்க வேண்டும். ஒருவர் பந்தை வைத்திருப்பவரை நோக்கி முன்னேறுவார். மற்ற இருவரும் உடனே நெருங்கி, அவர் விட்ட இடத்தை மூடுவர். பந்து கைமாறியதும் முன்னேறியவர் தம் இடத்துக்குத் திரும்புவார். திரும்ப மறப்பதுதான் இங்குப் பெரும்பாலும் நிகழும் தவறு. கோல் விழுந்தால் மூவரும் பயிற்சியை மீண்டும் செய்ய வேண்டும். அதனால் தவறு ஒருவர் தலையில் மட்டும் விழாது.

இப்பயிற்சி ஆட்டத்தின்போதும் தேவைப்படும். எறிபந்தில் எதிராளியின் முன் நின்று உடலாலும் மடக்கிய கைகளாலும் தடுக்கலாம். பிடித்து இழுக்கவோ தள்ளவோ கூடாது. உரிய நேரத்தில் உதவி கிடைக்காதவர்தான் பதற்றத்தில் எதிராளியின் கையை இழுத்துவிடுவார். அதற்காக நடுவர் அவரை இரண்டு நிமிடத்துக்கு வெளியேற்றலாம். அந்த நேரத்தில் மீதமுள்ள ஐவரே ஆறு பேரின் இடத்தைக் காக்க வேண்டும். தாவியபடி பந்தை எறிபவரைத் தள்ளினால் அவர் மோசமாக விழுந்து காயமடையலாம். இத்தகைய தவற்றுக்கு ஆட்டம் முழுவதிலிருந்தும் நீக்கப்பட நேரிடலாம். தோழர் ஓரடி முன்கூட்டியே நகர்ந்து வந்திருந்தால், இந்தப் பதற்றத்துக்கே இடமிருந்திருக்காது.

அறுவரும் ஒரே வரிசையில் நிற்கும் முறையானாலும், ஐவர் பின்னால் நிற்க ஒருவர் முன்னேறி நிற்கும் முறையானாலும், இந்த அடிப்படை மாறுவதில்லை. சேர்ந்து நகர்தல், உரக்கப் பேசுதல், உதவிவிட்டு இடம் திரும்புதல் ஆகிய மூன்றும் வேண்டும். இவற்றைப் பழகிய அணியிலும் கோல் விழத்தான் செய்யும். ஆனால், அதன் பிறகு "யார் தவறு?" என்ற கேள்வி எழாது. "எந்த இடைவெளி, எப்போது திறந்தது?" என்றே கேட்பர். அடுத்த முறை பந்து அப்பக்கம் வருவதற்கு முன்பே அங்கே இருவர் நெருங்கி நிற்பர்.