பெயர் ஒன்று, வலு வேறு

உயர்தரப் பரீட்சையை முடித்துப் பல்கலைக்கழகம் புகக் காத்திருக்கும் பிள்ளைக்கு மடிகணினி ஒன்று வாங்கிக் கொடுப்பது, இந்நாளில் நம் குடும்பங்களின் பெருஞ் செலவுகளுள் ஒன்றாகிவிட்டது. அதிலும் "விளையாட்டுக்கு ஏற்றது" என விற்கப்படும் இடைத்தர இயந்திரத்தையே பிள்ளைகள் விரும்பிக் கேட்கின்றனர். பெற்றோர் முகஞ் சுளிப்பர். ஆயினும், விளையாட்டுக்கு உதவும் அதே உறுப்புத்தான் கட்டட வரைபடத்துக்கும் அசைவுப்பட ஆக்கத்துக்கும் உதவுகின்றது என்பதை முன்னதாகவே சொல்லி வைப்போம். வாங்குவதா, விடுவதா என்பது அவரவர் வீட்டு விடயம். வாங்குவோர் எதைப் பார்த்து வாங்குகின்றனர் என்பதே நாம் இங்கு ஆராயப் புகுவது.

பெரும்பாலோர் பார்ப்பது பெயரையே. என்விடியா நிறுவனத்தார் தம் வரைகலை அட்டைகளுக்கு 'ஆர்.ரீ.எக்ஸ். 3060', 'ஆர்.ரீ.எக்ஸ். 4060' என எண்ணிட்டுப் பெயர் சூட்டுவர். எண் பெரிதாயின் வேகமும் பெரிது என்பது கடைக்காரரும் வாங்குவோரும் ஒருங்கே கொண்டுள்ள நம்பிக்கை. மேசைக் கணினியில் அது பெரிதும் பொய்ப்பதில்லை. மடிகணினியிலோ, பெயரை மட்டும் நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுப்பவர் ஏமாற இடமுண்டு.

அட்டையின் தொழில் யாது? திரையில் தோன்றும் படத்தை ஒரு புள்ளிக் கோலமாகக் கொள்க. சாதாரண திரையில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 என 20 இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் உள. ஒவ்வொரு புள்ளிக்கும் நிறத்தைக் கணித்தாக வேண்டும். விளையாட்டு தடங்கலின்றி ஓட விநாடிக்கு 60 படங்கள் வேண்டுமெனின், ஒரு முழுக் கோலத்தையும் போட்டு முடிக்கக் கிடைப்பது விநாடியின் 60இல் ஒரு பங்கே. இதனை ஒரு மேதை தனித்திருந்து செய்ய இயலாது. ஒரே வகைக் கணக்கைச் சளைக்காது செய்யும் ஆயிரக்கணக்கான கைகள் வேண்டும். அக்கைகளுக்குத்தான் 'கோர்கள்' என்று பெயர்.

அட்டை என்கின்றோமேயன்றி, இன்றைய மடிகணினிகளில் பெரும்பாலும் தனி அட்டையென எதுவும் இல்லை. சில்லு தாய்ப்பலகையிலேயே ஈயம் வைத்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். பின்னர் கழற்றி மாற்றிக் கொள்வோம் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. வாங்கும் நாளில் எது கிடைத்ததோ, அதுவே இயந்திரத்தின் ஆயுட்காலம் முழுவதற்கும் உரியது.

இனி ஓர் உண்மையான உதாரணத்தை எடுப்போம். 2021ஆம் ஆண்டிலே ஆர்.ரீ.எக்ஸ். 3060 என்னும் பெயரில் மடிகணினிக்கு ஒன்றும் மேசைக் கணினிக்கு ஒன்றுமாக இரு சில்லுகள் வெளிவந்தன. மேசைக்குரியதில் 3584 கோர்கள், மடிக்குரியதிலோ 3840. கைகள் கூடுதலாக இருந்தும் மடிகணினியே பின்தங்கியது. காரணம் உணவு! மேசைக்குரியது 170 வாற்று மின்வலுவை உண்ணும். மடிக்குரியதற்குக் கணினி ஆக்குவோர் 60 வாற்று முதல் 115 வாற்று வரை தாம் விரும்பிய அளவை அளக்கலாம் என்பது என்விடியாவின் ஏற்பாடு. மெல்லிய, அழகிய உடலமைப்புக் கொண்ட கணினிக்குள் வெப்பத்தை வெளியேற்றும் வழி குறுகலாகையால் அங்கே உணவும் சிறுக்கின்றது.

ஒரே நாளில் இரு மாணவர் 3060 என்ற பெயருடைய இரு கணினிகளை வாங்குவதாகக் கொள்வோம். ஒன்று 60 வாற்று, மற்றையது 115 வாற்று. முன்னதன் உச்ச மீடிறன் 1283 மெகாஹேர்ட்ஸ். பின்னதன் உச்ச மீடிறன் 1703. ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வேறுபாடு. முதலாமவர் திரையில் விநாடிக்கு 45 படங்கள் ஓடும் விளையாட்டு, கணக்கின்படி மற்றவர் திரையில் 60ஐத் தொடலாம். பெயர்ச்சீட்டோ இரண்டிலும் ஒன்றே.

பௌதிகவியல் கற்கும் மாணவர் இங்கு ஒன்றைக் கவனிப்பாராக. வலு ஏறக்குறைய இருமடங்கானபோதும் வேகம் மூன்றிலொரு பங்கே உயர்ந்தது. ஏனெனில், சில்லு உண்ணும் வலு வோல்ற்றளவின் வர்க்கத்தையும் மீடிறனையும் பெருக்கி வரும் பெறுமானத்தைப் பின்பற்றுவது. மீடிறனைக் கூட்ட வேண்டின் வோல்ற்றளவையும் கூட்ட நேரும். இரண்டும் நூற்றுக்குப் பத்து வீதம் ஏறினால், வலு நூற்றுக்கு 33 வீதம் ஏறிவிடும். ஆகவே 60இலிருந்து 80 வாற்றுக்கு ஏறுவது பெரும் பயன் தரும். உச்சியை அண்மிக்கும்போது பயன் தேய்ந்து கொண்டே போகும்.

இன்னும் வியப்பு ஒன்றுண்டு. விலை கூடிய 3070 சில்லின் மடிகணினி வடிவத்தில் 5120 கோர்கள். ஆனால் 80 வாற்று மட்டும் கிடைக்கும்போது அதன் உச்ச மீடிறன் 1290. கோர்களின் தொகையை மீடிறனால் பெருக்கிப் பாருங்கள். முழு வலுப் பெற்ற 3060இன் பெருக்கமும் மெலிந்த 3070இன் பெருக்கமும் நூற்றுக்கு ஒரு வீத வேறுபாட்டில் நிற்கும்! நினைவகம் மட்டும் 3070க்குக் கூடுதல். மெல்லிய உடலுக்காகக் கூடுதல் விலை கொடுப்பது குற்றமன்று. அதனை வேகத்துக்காகக் கொடுத்ததாக எண்ணியிருப்பதுதான் பரிதாபம்.

முன்பு இத்தகைய மயக்கம் இவ்வளவு இருக்கவில்லை. 2017 முதல் வலுக் குறைந்த வடிவங்கள் 'மாக்ஸ்-கியூ' என்ற அடைமொழியோடு விற்கப்பட்டன. 3060இன் தலைமுறையில் அந்த அடைமொழி சில்லின் பெயரிலிருந்து மறைந்தது. கண்டனம் எழுந்தபின், வாற்று அளவையும் மீடிறனையும் ஆக்குவோர் வெளியிட வேண்டுமென என்விடியா அறிவித்தது. வெளியிடப்படுவது பெரும்பாலும் விவரப் பட்டியலின் அடியிலே, பொடி எழுத்திலே.

2023இல் வந்த 4060 இவ்வகையில் ஓரளவு நேர்மையான பெயர் என்போம். மடிக்கும் மேசைக்கும் கோர்கள் 3072, நினைவகம் 8 ஜீ.பி., மேல்வரம்பு 115 வாற்று என மூன்றிலும் ஒற்றுமை காணலாம். ஆனால் மடிக்குரியதன் கீழ்வரம்பு 35 வாற்று வரை இறங்கும். 4070இன் நிலை வேறு. மேசைக்குரியதில் 5888 கோர்களும் 12 ஜீ.பி. நினைவகமும் இருக்க, மடிக்குரியதில் 4608 கோர்களும் 8 ஜீ.பி.யுமே உள. நிறச் சித்திரங்களை இருத்தி வைக்கும் களஞ்சியம் இந்நினைவகம். அது நிரம்பிவிட்டால் எத்தனை கைகள் இருந்தும் பயனின்றி விளையாட்டு இடறும். 4060க்கும் அதே 8 ஜீ.பி. இருக்கையில், 4070க்கென மேலதிகப் பணம் செலவிடுவதை நாம் பரிந்துரையோம். 2025இல் வந்த 5060, 5070 மடிகணினிச் சில்லுகளும் 8 ஜீ.பி.யுடனேயே வெளிவந்தன.

விளம்பரங்களில் 4060க்கு "140 வாற்று" என்று காண்பீராயின், அதில் 25 வாற்று மையச் செயலியிடமிருந்து வேண்டியபோது பெறும் கடன் என அறிக. "படங்களை இருமடங்காக்கும்" வசதியும் அத்தகையதே. உண்மையான இரு படங்களுக்கிடையில் ஊகித்து ஒன்றைச் செருகுகின்றனர். கண்ணுக்கு ஓட்டம் மென்மையாகும். விசையை அழுத்தியதும் கிடைக்கும் மறுமொழி விரைவாவதில்லை.

சித்திரை மாத வெயிலில் நம் வீட்டு அறைக் காற்று 32 பாகையாயின், 22 பாகையில் குளிரூட்டிய அறையிலே பரிசோதித்த கணினியைவிட நம் கணினி ஏறத்தாழ அவ்வளவுக்கு மிகுதியாகச் சூடேறி, வேகத்தைத் தானே குறைத்துக் கொள்ள நேரலாம். மின்வெட்டின்போது மின்கலத்தில் ஓட்டினாலோ, வலு மிகவும் சுருங்கிவிடும்.

கடையில் செய்ய வேண்டியது சிறிதே. கணினியை இயக்குவித்து, என்விடியா கொன்ட்ரோல் பனலில் 'சிஸ்டம் இன்பர்மேஷன்' என்னும் பகுதியைத் திறக்கச் சொல்லுங்கள். உச்ச வலு எத்தனை வாற்று என்று அங்கே எழுதியிருக்கும். அதைக் காட்டத் தயங்கும் கடையாயின், அடுத்த கடைக்கு நடப்பதே நன்று.