மணிமுத்தாறு புறப்படும் மலை

விருத்தாசலம் என்றால் ‘பழமலை’. தேவாரத்தில் திருமுதுகுன்றம். ஆனால், அகல் விளக்கும் பீங்கான் பொம்மையும் செய்யும் இந்த ஊரில் மலையைத் தேடினால் கிடைக்காது. கோயிலை ஒட்டி ஓடும் மணிமுத்தாறுதான் ஒரு மலையிலிருந்து இறங்கி வருகிறது. சுந்தரர் பொன்னை இந்த ஆற்றில் போட்டு திருவாரூர்க் குளத்தில் எடுத்த கதை எல்லோருக்கும் தெரியும். ஆறு பிறக்கும் கல்வராயன் மலையைத்தான் நம்மில் பலர் பார்த்ததில்லை.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டினால் மலைப்பாதை தொடங்கிவிடும். மேலே வெள்ளிமலை, கரியாலூர். மேற்கே இறங்கினால் சேலம் மாவட்டம்; வடக்கே திருவண்ணாமலை, தர்மபுரி எல்லைகள். வடபகுதி சின்னக் கல்வராயன், சுமார் 2,700 அடி. தென்பகுதி பெரிய கல்வராயன், 4,000 அடி வரை. சாமை, தினை, கேழ்வரகு, மரவள்ளி விளைகின்றன. நாட்டு மருந்துக் கடையில் ‘கல்வராயன் கடுக்காய்’ என்று கேட்டு வாங்குகிறவர்கள் இன்றும் உண்டு.

இங்கே வாழும் மலையாளி பழங்குடியினர் பேசுவது தமிழ்தான். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர் என்பதே பெயரின் பொருள். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்வார்கள்.

இந்த மலையின் வரலாற்றில் என்னை உறுத்துவது ஒரு வருடக் கணக்கு. ஜடையக்கவுண்டன், குறும்பக்கவுண்டன், அரியக்கவுண்டன் என மூன்று ஜாகிர்கள். வரி வாங்கியதும் வழக்குத் தீர்த்ததும் ஜாகிர்தார்களே. கீழே 1948-லேயே ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. மலையை அரசு ஏற்றுக்கொண்டதோ 1976-ல்! நாடு விடுதலை பெற்று 29 வருடம். சமவெளியில் பஸ், பள்ளிக்கூடம், ரேஷன் கடை எல்லாம் வந்த பிறகும், மேலே இருந்தவர்களுக்கு நிலப் பட்டா என்பதே கேள்விப்படாத காகிதம்.

2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு கல்வராயன்மலை தனி வட்டமும் ஆனது. ஆனாலும் 2024-ல் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, இந்த மலை மக்களின் நிலையை சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்து, சாலையும் அடிப்படை வசதியும் என்ன ஆயிற்று என்று அரசைக் கேட்க வேண்டியிருந்தது.

மேகம் அருவி, பெரியார் அருவி பார்க்கப் போகிறவர்கள் மழை முடிந்த கையோடு போங்கள். கொண்டுபோகும் பிளாஸ்டிக் பாட்டிலைத் திருப்பி எடுத்து வந்துவிடுங்கள். அங்கே போட்டால் அது ஆற்றோடு நம்ம ஊர்ப் படித்துறைக்குத்தான் வரும்.