காரில் விழுந்த கீறல்: எதைத் தேய்த்தால் போகும்?

இரவில் தெருவிளக்கின் கீழ் நிற்கும் கறுப்பு காரின் பானெட்டைக் கொஞ்சம் குனிந்து பார்த்தால், விளக்கின் பிம்பத்தைச் சுற்றி மெல்லிய வட்டக் கோடுகள் தெரியும். வட்டம் வட்டமாகத் துடைத்ததால்தான் இப்படி ஆகிவிட்டது என்று வண்டிக்காரர் வருத்தப்படுவார். ஆனால் பானெட்டில் இருப்பவை எல்லாத் திசையிலும் தாறுமாறாக ஓடும் ஆயிரக்கணக்கான நுண்கீறல்கள். விளக்கொளிக்குக் குறுக்காக விழுந்தவை மட்டும் அந்த ஒளியைக் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகின்றன, மற்றவை மறைந்துகொள்கின்றன. கண்ணில் படும் துண்டுகள் சேர்ந்து வட்டமாகத் தோன்றுகின்றன. தலையை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகரும்.

இந்த மாதிரிக் கீறல்களில் நிறம் எதுவும் போயிருக்காது. வழவழப்பான பரப்பில் பட்ட ஒளி ஒரே திசையில் திரும்புவதால் பளபளப்பு உண்டாகிறது. கீறலின் விளிம்பில் பட்ட ஒளியோ நாலா பக்கமும் சிதறி, வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. அந்தச் சிதறலை நிறுத்திவிட்டால் கீறல் கண்ணுக்கு மறைந்துவிடும். பற்பசையிலிருந்து பல்லாயிரம் ரூபாய் பாலிஷ் வரை புழக்கத்தில் இருக்கும் வழிகள் எல்லாம் இதைத்தான் செய்ய முயல்கின்றன. சில வழிகள் பள்ளத்தை நிரப்புகின்றன, சில சுற்றியிருக்கும் பெயிண்டைத் தேய்த்து இறக்குகின்றன, சில மேலே புதிதாகப் பூசுகின்றன. எந்தக் கீறலுக்கு எது என்று தெரியாமல் கையில் கிடைத்ததை எடுத்துத் தேய்ப்பவர்கள்தான் நல்ல பெயிண்டைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

காரின் பெயிண்ட் பல அடுக்குகளால் ஆனது. தொழிற்சாலையில் இரும்புத் தகட்டால் ஆன கூட்டை முதலில் பாஸ்பேட் கரைசலில் நனைத்து, பிறகு பெயிண்ட் தொட்டிக்குள் முழுசாக முக்கி மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். கை நுழையாத இடுக்கிலும் போய்ப் படியும் இந்த அடிப்பூச்சு சுமார் 20 மைக்ரான் கனம். துருவைத் தடுப்பதில் பெரும்பங்கு இதற்குத்தான். அதன் மேல் பிரைமர், 30 முதல் 40 மைக்ரான். அடுத்தது நிறம் தரும் பேஸ் கோட். நாம் ஆசைப்பட்டு வாங்கும் சிவப்பும் நீலமும் ஏறக்குறைய 15 மைக்ரானுக்குள் அடங்கிவிடுகின்றன. எல்லாவற்றுக்கும் மேலே, நிறமே இல்லாத கிளியர் கோட், 35 முதல் 50 மைக்ரான். அத்தனையையும் கூட்டினால் 100 முதல் 130 மைக்ரான்தான் வரும். மனிதத் தலைமுடி ஒன்றின் கனமே 50 முதல் 100 மைக்ரான் இருக்கும்.

அதனால் எதையும் தொடுவதற்கு முன் கீறல் எந்த அடுக்கு வரை போயிருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இடத்தைக் கழுவித் துடைத்துவிட்டு, கீறலின் மேல் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தண்ணீர் இருக்கும்வரை கோடு மறைந்து, காய்ந்ததும் திரும்பத் தெரிந்தால், அது கிளியர் கோட்டுக்குள்தான் இருக்கிறது. கிளியர் கோட்டின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5, காற்றுக்கு 1, தண்ணீருக்கு 1.33. பள்ளத்திலிருந்த காற்று போய்த் தண்ணீர் நிறைந்ததும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் குறைகிறது, சிதறலும் குறைகிறது. நகத்தைக் குறுக்கே ஓட்டினால் தட்டுப்படாமல் போகிறதா, சிக்குகிறதா என்பது அடுத்த சோதனை. சிக்கினால் வெறும் பாலிஷில் முழுசாகப் போகாது. உள்ளே சாம்பல் நிறம் தெரிந்தால் பிரைமர். மினுங்கும் உலோகமோ பழுப்போ தெரிந்தால் அழகைப் பற்றிய கவலையை விட்டுவிட்டுத் துருவைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரம்.

பம்பரில் வெள்ளையாக இழுத்துக்கொண்டு போயிருக்கும் தடங்களில் பல, கீறல்களே கிடையாது. சுவரின் சுண்ணாம்போ, பக்கத்து வண்டியின் பெயிண்டோ நம் வண்டியில் ஒட்டிக்கொண்டிருக்கும். தார் நீக்கும் திரவத்தைத் துணியில் தொட்டு மெதுவாகத் துடைத்தாலே பெரும்பாலும் வந்துவிடும். தின்னர் மட்டும் வேண்டாம். பக்கத்துப் பூச்சையும் சேர்த்து இளக்கிவிடும்.

வீடியோக்களில் டபிள்யூடி-40 தெளித்ததும் கீறல் மாயமாக மறைவதைப் பலர் பார்த்திருப்பார்கள். தண்ணீர் செய்த அதே வேலையைத்தான் இங்கே எண்ணெய் செய்கிறது. எண்ணெயின் ஒளிவிலகல் எண் கிளியர் கோட்டுக்கு இன்னும் நெருக்கம் என்பதால் இன்னும் நன்றாக மறைகிறது. ஷாம்பூ போட்டுக் கழுவினால் கீறல் பழையபடி வந்து நிற்கும். தேங்காய் எண்ணெய் தடவினாலும் இதே கதைதான், கூடுதலாகத் தூசியும் ஒட்டும். மெழுகு பாலிஷ் இதே குடும்பத்தைச் சேர்ந்தது என்றாலும் வாரக்கணக்கில் நிற்கும். பெயிண்டிலிருந்து எதையும் எடுக்காத வழி என்பதால், லேசான கீறலுக்கு இதை முதலில் முயன்று பார்ப்பதில் நட்டமில்லை.

பற்பசையின் கதை வேறு. அது நிரப்புவதில்லை, தேய்க்கிறது. வெள்ளைப் பேஸ்டுகளில் கால்சியம் கார்பனேட்டும், பலவற்றில் சிலிக்காவும் தேய்பொருளாக இருக்கின்றன. பல்லின் எனாமல் தேயாமல் கறையை மட்டும் எடுக்கிற அளவுக்கு அவற்றை அமைத்திருக்கிறார்கள். எனாமல் கடினமான கனிமம். கிளியர் கோட் அதைவிட மிகவும் மென்மையான பிளாஸ்டிக். ஆகவே பல்லில் சாதுவாக இருக்கும் பேஸ்ட் பானெட்டில் நன்றாகவே அரிக்கும். மிக மெல்லிய சிராய்ப்பு பற்பசையில் குறைவது உண்மை. ஆனால் கார் பெயிண்டுக்கென்று அளந்து தயாரித்த துகள்கள் அவை அல்ல என்பதால், கீறல் போன இடத்தில் மங்கலான ஒரு திட்டு தங்கிவிடுவதும் உண்டு. வெள்ளைக் காரில் அது தெரியாது. கறுப்பிலும் கருநீலத்திலும் அப்படியே தெரியும். அவசரத்துக்கு, விரல் நீளக் கீறலுக்குப் பரவாயில்லை. கதவு முழுக்கத் தேய்க்க அது பொருளில்லை.

ஒர்க் ஷாப்புகளில் பயன்படுத்தும் ரப்பிங் காம்பவுண்டும் தேய்க்கத்தான் செய்கிறது, ஆனால் கணக்கோடு தேய்க்கிறது. அதில் பெரும்பாலும் இருப்பது அலுமினியம் ஆக்சைடு. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரத்துக்கு 10, இதற்கு 9. சில வகைக் காம்பவுண்டுகளில் துகள்கள் தேய்க்கத் தேய்க்க உடைந்து பொடியாகும். முதலில் முரட்டுத்தனமாக வெட்டி, போகப்போக மெருகேற்றும்படி அவற்றை அமைத்திருக்கிறார்கள். துகளின் அளவு குறையக் குறைய, அது விடும் தடமும் சிறுக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான். பரப்பின் மேடுபள்ளம் அதைவிட நன்றாகக் குறைந்துவிட்டால் ஒளியால் அதை அறிய முடியாது. கண்ணுக்கு அது கண்ணாடி.

நிலத்தில் விழுந்த பள்ளத்தை மூட மண் கிடைக்காதபோது, சுற்றியுள்ள நிலத்தையே பள்ளத்தின் ஆழத்துக்கு வெட்டிச் சமன்படுத்துவது போன்ற வேலை இது. 5 மைக்ரான் ஆழக் கீறலை முழுசாகப் போக்க வேண்டுமென்றால் அந்த இடத்தில் 5 மைக்ரான் கிளியர் கோட்டை இழக்க வேண்டும். ஆழமான கீறலுக்கு முதலில் வாட்டர் பேப்பர் போடுகிறார்கள். 2000 நம்பர் தாளில் இருக்கும் துகளின் அளவு சுமார் 10 மைக்ரான். தண்ணீர் விட்டுத் தேய்த்ததும் இடம் பால்போல் மங்கிவிடும். அதற்கு மேல் 3000 நம்பர், பிறகு காம்பவுண்ட், கடைசியில் மெருகு பாலிஷ் என்று ஒவ்வொரு படியும் முந்தைய படி விட்ட தடத்தை அழித்துக்கொண்டே போக வேண்டும். தேர்ந்த கையில் இது அருமையான முறை. பழகாத கையில் நாலைந்து நிமிடத்தில் பேஸ் கோட் தெரிந்துவிடும். அதிலும் கதவின் மடிப்பு, பானெட்டின் விளிம்பு போன்ற இடங்கள் ஆபத்தானவை. ஈரப் பெயிண்ட் விளிம்பை விட்டு விலகி ஓடும் இயல்புடையது, ஆகவே அங்கே படிவதே குறைவு. அனுபவமுள்ள பாலிஷ்காரர்கள் மெஷினை ஓட்டும் முன் விளிம்புகளில் டேப் ஒட்டிவிடுவது இதற்காகத்தான்.

ஒரே அச்சில் வேகமாகச் சுழலும் ரோட்டரி மெஷின் சீக்கிரம் வெட்டும், சூடும் ஏற்றும். ஒரே இடத்தில் நிறுத்தினால் பெயிண்ட் வெந்துபோகும். சுழன்றுகொண்டே அலைந்தும் ஆடும் ட்யூயல் ஆக்‌ஷன் மெஷின் மெதுவாக வேலை செய்யும், ஆனால் வீட்டில் முயல்பவருக்கு அதுதான் பாதுகாப்பு.

ஒவ்வொரு சர்வீஸிலும் ‘ரப்பிங் பாலிஷ்’ போட்டுவிடச் சொல்லும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. இதை நிறுத்திக்கொள்வது நல்லது. சூரியனின் புற ஊதாக் கதிரை உறிஞ்சும் வேதிப்பொருள்கள் கிளியர் கோட்டில்தான் கலக்கப்பட்டிருக்கின்றன. அது மெலிந்தால் கதிர் கீழே இறங்கி, நிறத்தைப் பாதிப்பதோடு இரண்டு பூச்சுக்கும் நடுவே உள்ள பிடிமானத்தையும் அறுக்கும். பழைய கார்களின் கூரையில் பூச்சு செதில் செதிலாக உரிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நிலைக்கு வந்த பிறகு எந்தப் பாலிஷும் உதவாது, மறுபடி பெயிண்ட்தான்.

நிறத்தைத் தாண்டிய கீறலுக்கு டச்-அப் பேனா. கதவுத் தூணிலோ பானெட்டுக்குள் உள்ள தகட்டிலோ இருக்கும் வண்ணக் குறியீட்டைச் சொல்லி வாங்க வேண்டும். துரு இருந்தால் சுரண்டி எடுத்து, பிரைமர் வைத்து, நிறத்தை ஒரே அப்பாக அப்பாமல் மெல்லிய தடவைகளாக வைத்து, மேலே கிளியர் வைப்பது முறை. குறியீடு சரியாக இருந்தும் மெட்டாலிக் வண்ணங்களில் தொட்ட இடம் தனியாகத் தெரிவதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தப் பெயிண்டில் நுண்ணிய அலுமினியச் செதில்கள் மிதக்கின்றன. ஸ்ப்ரேயில் அடிக்கும்போது பூச்சு காய்ந்து சுருங்க, செதில்கள் படுத்துக்கொண்டு கண்ணாடிபோல் ஒளியைத் திருப்புகின்றன. பிரஷ்ஷால் வைக்கும்போது அவை கோணல்மாணலாக நின்றுவிடுவதால், அதே பெயிண்ட் கறுத்துத் தெரியும். தூரத்திலிருந்து தெரியாத அளவுக்குத் திருத்தலாம், அவ்வளவுதான். அழகு கூடாவிட்டாலும் இரும்புக்குக் காற்றும் ஈரமும் எட்டாமல் அடைத்துவிடுகிறதே, அதற்காகவே செய்ய வேண்டும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று பட்ட கீறலில் துரு பெயிண்டுக்கு அடியிலேயே ஊர்ந்து பரவும்.

நீளமான ஆழக் கீறலுக்கு முழுக் கதவையும் பெயிண்ட் செய்வதே ஒழுங்கான தீர்வு. தொழிற்சாலையில் கிளியர் கோட்டைச் சுமார் 140 டிகிரி சூட்டில் சுட்டெடுக்கிறார்கள். டயரும் ஒயரும் பிளாஸ்டிக்கும் பொருத்திய வண்டியை அப்படிச் சுட முடியாது. அதனால் ஒர்க் ஷாப்பில் ஐசோசயனேட் கலந்த ஹார்டனரைச் சேர்த்து, குறைந்த சூட்டிலேயே பூச்சை இறுகவைக்கிறார்கள். இந்த ஐசோசயனேட் ஆவிதான் பெயிண்டர்களுக்கு ஆஸ்துமாவைக் கொண்டுவரும் முக்கியக் காரணிகளில் ஒன்று. முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஸ்ப்ரே அடிக்கும் பையன்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. கைக்குட்டை அந்த ஆவியைத் தடுக்காது. அவர்களுக்கு வேண்டியது காற்றுக்குழாய் இணைத்த முகமூடி.

இன்சூரன்சில் செய்துகொள்ளலாம் என்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளட்டும். க்ளைம் இல்லாத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் போனஸ் 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை ஏறும். சிறு கீறலுக்கு க்ளைம் செய்தாலும் சாதாரண பாலிசியில் அது பறிபோகும். கட்டாயக் கழிவாக 1,000 அல்லது 2,000 ரூபாய் நம் பையிலிருந்தும் போகும். ஒரே ஒரு கதவுக்கு அது கட்டுப்படியாவது அபூர்வம்.

தானே ஆறிக்கொள்ளும் பெயிண்டும் வந்துவிட்டது. நிப்பான் பெயின்ட்டுடன் சேர்ந்து நிசான் உருவாக்கிய கிளியர் கோட்டை 2005 டிசம்பரில் அறிவித்தார்கள். மீள்தன்மையுள்ள பிசின் கலந்த அந்தப் பூச்சில், கழுவும்போது விழும் கீறல் வெப்பநிலையையும் ஆழத்தையும் பொறுத்து ஒரு நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் மறையும். 2009இல் அமெரிக்காவின் தென் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் பிஸ்வஜித் கோஷும் மாரெக் அர்பனும் பாலியூரித்தேனில் கைட்டோசானைச் சேர்த்து, புற ஊதா ஒளி பட்டால் ஒரு மணி நேரத்துக்குள் வெட்டு கூடிக்கொள்ளும் பூச்சை ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். நண்டு, இறால் ஓட்டிலிருந்து கிடைப்பது கைட்டோசான்.

கடைகளில் இன்று கிடைப்பது பிபிஎஃப் எனப்படும் ஒட்டுப்படலம். வியட்நாம் போர்க்காலத்தில் ஹெலிகாப்டர் இறக்கைகளைக் காக்க வந்த பாலியூரித்தேன் டேப்பின் வாரிசு இது. 150 முதல் 200 மைக்ரான் கனம், அதாவது காரின் மொத்தப் பெயிண்டையும்விடத் தடிமன். லேசான கீறலில் பொருள் எதுவும் போவதில்லை, இடம்தான் பெயர்கிறது. வெந்நீர் ஊற்றினால் பழைய வடிவுக்குத் திரும்பிவிடும். விலைதான் பல பத்தாயிரங்கள். செராமிக் கோட்டிங் விஷயத்தில் ‘9ஹெச்’ என்ற விளம்பரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது பென்சில் கடினச் சோதனையின் எண். மோஸ் அளவுகோலின் 9 அல்ல. ஒரு சில மைக்ரான் கனமே உள்ள அந்தப் பூச்சு தண்ணீரையும் அழுக்கையும் ஒட்டவிடாது. சாவிக் கீறலைத் தடுக்காது.

நுண்கீறல்களில் பெரும்பாலானவை நாமே வரவழைப்பவை. தெருத்தூசியில் குவார்ட்ஸ் மணல் உண்டு, மோஸ் அளவில் 7. காய்ந்த துணியால் அதைத் துடைப்பதும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் ஏறக்குறைய ஒரே விளைவைத்தான் தரும். அடுக்குமாடிகளில் விடியற்காலையில் ஒரு வாளித் தண்ணீரில் வரிசையாக வண்டிகளைத் துடைத்தாக வேண்டியவரைக் கோபித்துக்கொள்வதில் நியாயமில்லை. அவருக்கு நல்ல மைக்ரோஃபைபர் துணி இரண்டு வாங்கிக் கொடுங்கள். முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியை இறக்கிவிட்டு, அதன் பிறகு துடைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் வராத நாளில் துடைக்கவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒரு நாள் தூசியோடு நிற்பதால் பெயிண்டுக்கு ஒன்றும் ஆகிவிடாது.