அடங்காத மூச்சும் அசையாத படமும்

திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரத்திலே பிராணாயாமம் பற்றித் திருமூலர் கூறுவனவற்றை மாணாக்கர்க்குப் பல்லாண்டு பாடஞ் சொன்னவன் நான். ஆயினும் மூச்சை அடக்குதல் எத்துணை அரிதென்பதை உணர்த்தியவர் என் தமையனாரே.

லுணுகலையை அடுத்த தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் முப்பதாண்டு உழைத்தவர் அவர். நெஞ்சு நோவின் காரணம் அறிய எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப் படம் எடுக்கச் சென்றிருந்தோம். "மூச்சைப் பிடியுங்கள்" என்ற குரல் கேட்குந்தோறும் 10 விநாடிக்குள் இருமிவிடுவார். படங்கள் கலங்கின. வேறொரு சோதனைக்கு நாள் குறித்து அனுப்பினர். "தம்பி, மூச்சு என் பேச்சைக் கேட்கமாட்டேன் என்கிறதே" என்று அவர் நாணியபோது, குற்றம் அவருடையதுதானா என்ற ஐயம் என்னுள் எழுந்தது.

அன்றுமுதல் இதுபற்றித் தேடிக் கற்றேன். இதயத்துக்கு இரத்தம் ஊட்டும் முடியுரு நாடிகளின் அகலம் 3 அல்லது 4 மில்லிமீற்றரே. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் பிரிமென்றகடோ, அமைதியாக மூச்சுவிடும்போதே 10 மில்லிமீற்றருக்கு மேலும் ஏறியிறங்கும். அதன்மேல் அமர்ந்த இதயமும் உடன் அசையும். காற்றிலாடும் கொழுந்தின் நரம்பை எண்ணுவது போன்றதே இப்படப்பிடிப்பு.

இப்படம் ஒரு நொடியில் எடுப்பதன்று. பல துடிப்புகளிற் சிறிது சிறிதாகச் சேர்ப்பது. 1989இல் அமெரிக்க அறிஞர்களான ஏமனும் ஃபெல்ம்லியும் அசைவை அளந்து திருத்தும் 'வழிகாட்டிக் குறி'யை வகுத்தனர். அதனைக் கைக்கொண்ட பின்வந்தோர், துடிப்புத்தோறும் பிரிமென்றகட்டின் நிலையை அளந்தனர்; மூச்சு வெளியேறி அடங்குமிடத்தில், ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் எல்லைக்குள் அது நிற்கையிற் கிடைத்தவற்றை மட்டும் கொண்டு, ஏனையவற்றைத் தள்ளினர். நோயாளி தம் இயல்பில் மூச்சுவிடலாம், நேரந்தான் நீளும்.

எஞ்சிய அசைவுக்கும் கணக்குண்டு. பிரிமென்றகட்டின் அசைவில் ஏறத்தாழ 0.6 பங்கே இதயம் அசையுமென 1995இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. ஆனால் அப்பங்கு ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒரே அளவுகோல் எல்லார்க்கும் பொருந்தாது. ஆதலின் இந்நாளில் இதயத்தின் அசைவையே நேரிற் கண்டு, ஒவ்வொரு மூச்சிலும் பெற்றதை உரிய இடத்துக்கு நகர்த்திச் சேர்க்கும் முறைகளும் தோன்றியுள்ளன. அவற்றில் ஒரு மூச்சும் வீணாவதில்லை.

மூச்சை அடக்க வல்லவர்க்கு மட்டுமே தெளியும் சோதனை, மூச்சுக்குத் தவிப்பவரைக் கைவிடுகின்றது. அவரை அடக்காது, அவர் மூச்சின் போக்கை அறிந்து அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்வதே கருவிக்கு அழகு.

என் பாடத்தின் வேகத்துக்கு வராத பிள்ளைகளைக் கடிந்த நாட்கள் எனக்கும் உண்டு. இப்பொழுது அவை நினைவுக்கு வருகின்றன.