கடைசி வீடு வரை இழை

1995 ஆகஸ்டு 15-ந் தேதி இந்தியப் பொதுஜனங்களுக்கு இண்டர்நெட் திறந்துவிடப்பட்டபோது டெலிபோன் கம்பியே கதியாயிருந்தது. தாமிரக் கம்பியில், எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு தூரமாகத் தூரமாக வேகம் குன்றும். செல்போன் கோபுரத்தின் அலைகளைப் பலர் பங்கிட்டுக்கொள்வதால், கூட்டம் மிகும் வேளையில் அது மந்தமாகும். சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் ஸாடிலைட் மலைக்கிராமத்துக்கும் எட்டும். ஆயினும் மறுமொழி வர அரை விநாடி தாமதமாகும். கண்ணாடி இழையிலோ ஒளியே செய்தியைச் சுமப்பதால் இக்குறைகள் இல்லை. ஆகவே வீட்டிற்கு இழையே உத்தமம்.

2011-ல் மத்திய ஸர்க்கார் இரண்டரை லக்ஷம் கிராம பஞ்சாயத்துக்களுக்கு இழை கொண்டுசெல்லத் தீர்மானித்தது. பஞ்சாயத்து ஆபீஸ் வாசலோடு இழை நின்றுவிட்டால் குடிசையில் படிக்கும் பிள்ளைக்கு என்ன பிரயோஜனம்? கடைசி வீடு வரை அது வந்தாக வேண்டும். ஊர்தோறும் ஜனங்கள் கிராம சபையில் எழுந்து இதைக் கேட்க வேண்டுமென்று நாம் வற்புறுத்துகிறோம்.