கூலியும் மிச்சம், மூச்சும் பத்திரம்!

கொல்லைப்புறத்தில் சிமென்ட் கல் பதிக்கப் போகிறீர்களா தோழிகளே? கல் விலையோடு, ஓரத்துக்கு வெட்டும் கூலியும் கையைக் கடிக்கும். எங்கள் வீட்டில் செய்ததைச் சொல்கிறேன்.

முதலில் முழுக்கல்லை எல்லாம் பதித்துவிடுங்கள். பிறகு ஓரத்தை அளந்து, வெட்ட வேண்டிய கற்களில் சாக்பீஸால் கோடு போடுங்கள். நாலைந்து கல்தான் என்றால் மிஷினே வேண்டாம். கல்லை நனைத்து மணல்மேல் வைத்து, கோட்டின்மேல் பட்டை உளியால் நாலு பக்கமும் மெதுவாகத் தட்டுங்கள். ரெண்டு மூணு சுற்று வந்தபின் ஓங்கி ஒரு போடு, பிளந்துவிடும். பிசிறான பக்கம் சுவரோரம் போகட்டும்.

நிறைய இருந்தால் எல்லாவற்றையும் சேர்த்துவைத்து, மிஷினை ஒரே நாள் வாடகைக்கு எடுத்து, பழகினவரை விட்டு வெட்டச் சொல்லுங்கள். 60 மி.மீ. கனமுள்ள கல்லை இருபுறமும் கீறித் தட்டினாலே போதும்.

ஒன்று மட்டும் மறக்காதீங்க. வெட்டும்போது பறக்கும் தூளில் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா இருக்கிறது. தண்ணீர் விட்டு வெட்டுவதற்கென்றே உள்ள மிஷினாகக் கேளுங்கள். சாதாரண மிஷினில் தண்ணீர் ஊற்றினால் ஷாக் அடிக்கும். முந்தானையால் மூக்கைப் பொத்தினால் போதாது. நல்ல மாஸ்க்கும், உளி வேலைக்கும் கண்ணாடியும் வேண்டும். பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீங்க. நாலு காசு மிச்சம் பிடிக்கப்போய் மூச்சைத் தொலைக்கலாமா?

– ஒரு இல்லத்தரசி, திண்டுக்கல்.