``கிழிசலைக் குடுக்காத கண்ணு!'' - அம்மிச்சியின் ஒட்டுப் போர்வையும், ஊர் கூடித் தைத்த போர்வைகளும்

பல்லடம் பக்கம் எங்கள் அம்மிச்சி வீட்டில் மெத்தை கிடையாது. பாய் விரித்து, அதன்மேல் ஒரு விரிப்பு. பழைய நூல் சேலைகள் நாலைந்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நெடுகக் கையால் நூலோட்டித் தைத்தது. தேய்ந்த இடத்தில் மாமாவின் கட்டம்போட்ட லுங்கித் துண்டு. அதுவும் தேய்ந்தால் அதன்மேல் என் பள்ளிக்கூடப் பாவாடை. மே மாத லீவில் பேரன் பேத்திகள் அத்தனை பேரும் உருண்டது அதில்தான்.

இதற்கு `குவில்ட்' என்று ஒரு பெயர் இருக்கிறது, ஆன்லைனில் ஆயிரக்கணக்கில் விலை போகிறது என்று போன் திரையைக் காட்டினேன். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுப் பார்த்த அம்மிச்சி கேட்ட ஒரே கேள்வி, ``தொவச்சா காயுமா கண்ணு?''

இந்தக் கேள்வியோடுதான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். உலகம் முழுக்க, தைக்கத் தெரிந்தவர்கள் ஒன்று சேர்ந்தால் உடனே யாருக்காவது தைத்துக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். கொடுத்தது வாங்கியவருக்குப் பயன்பட்டதா என்பது வேறு விஷயம். அதில் நானும் ஒருமுறை நன்றாகவே சறுக்கியிருக்கிறேன்.

ரோட்டோரத்தில் கிடந்த சுடிதார்கள்

2018 நவம்பர் 16. கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த நாள். அப்போது நான் இதழியல் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தேன். நண்பர்கள் சேர்ந்து துணி திரட்டினோம். ஒரே வாரத்தில் ஒரு மினி லாரி நிறைந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. மூட்டையாக ஏற்றினோம், மூட்டையாக இறக்கினோம். போட்டோவும் எடுத்துக்கொண்டோம்.

ரெண்டு நாள் கழித்து அதே வழியாகத் திரும்பினால், ரோட்டோரம் துணிக் குவியல். ஜிப் போன ஜீன்ஸ், ஒற்றைச் சாக்ஸ், துப்பட்டா இல்லாத சுடிதார். எங்கள் மூட்டையில் கட்டியிருந்த நீலக் கயிற்றையும் அதில் பார்த்தேன். கூரை பறந்துபோன வீட்டுக்காரர்களுக்குத் தேவைப்பட்டது போர்வையும் பாயும் தார்ப்பாயும். நாங்கள் அனுப்பியது எங்கள் அலமாரிக் கழிவு.

ஊருக்கு வந்து அம்மிச்சியிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. ``கிழிசலைக் குடுக்காத கண்ணு. குடுக்கோணும்னா தச்சுக் குடு'' என்றார். அவ்வளவுதான்.

2004 சுனாமியின்போதும் இதே கதைதான். தமிழகக் கடற்கரையில் வந்து குவிந்த பழைய துணிகளை மீனவ மக்கள் தொடவில்லை. சாலையோரங்களில் மலையாகக் கிடந்தன. அப்படி வீணான துணியைத் தரம் பிரித்து மறுபடி பயனுக்குக் கொண்டுவந்தவர்களில் டெல்லியின் `கூஞ்ச்' அமைப்பும் ஒன்று. 1999-ல் இதைத் தொடங்கிய அன்ஷு குப்தாவுக்கு 2015-ல் மகசேசே விருது கிடைத்தது. கிராமத்து ஆட்கள் குளம் வெட்டுவார்கள், பாதை போடுவார்கள்; அந்த உழைப்புக்கு ஈடாகத் துணி கொடுப்பது இவர்களின் முறை. `தானம்' என்று கைநீட்ட வைப்பதில்லை. கிழிந்த சேலைகள் `சுஜினி' என்ற ஒட்டுப் போர்வைகளாகின்றன. பீகார் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தைத்துவரும் `சுஜினி'யின் பெயர்தான் அது.

சென்னையில் விரிந்த கம்பளி

தமிழ்நாட்டில் கைவேலைப் பெண்கள் கூடிச் செய்ததில் பெரியது என்றால், 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய `மதர் இந்தியாஸ் க்ரோஷே குயீன்ஸ்' என்ற குழு. முகநூலில் ஒருவரையொருவர் கண்டுபிடித்த பெண்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்து சதுரம் சதுரமாகப் பின்னி, அத்தனையையும் இணைத்து விரித்தபோது பரப்பளவு 11,148.5 சதுர மீட்டர். ஏக்கர் கணக்கில் சொன்னால்தான் நம் ஊர்க்காரர்களுக்குப் புரியும்: ரெண்டே முக்கால் ஏக்கர் கம்பளி! உலகின் மிகப்பெரிய க்ரோஷே போர்வை என்று கின்னஸ் அங்கீகரித்தது.

(க்ரோஷே என்பது கொக்கி ஊசியால் நூலைப் பின்னுவது, குவில்ட் என்பது துணியை அடுக்கித் தைப்பது. ரெண்டும் வேறு வேறு. கைவேலை தெரிந்த வாசகர்கள் சண்டைக்கு வர வேண்டாம்!)

என்னை இழுத்தது கின்னஸ் சாதனை அல்ல, அதற்குப் பிறகு நடந்தது. விரித்த கம்பளியைச் சுருட்டி எங்காவது காட்சிக்கு வைக்கவில்லை. மறுபடி பிரித்து, போர்த்திக்கொள்ளும் அளவுள்ள போர்வைகளாகத் தேவைப்பட்டவர்களுக்குக் கொடுப்பது என்று முதலிலேயே முடிவு செய்திருந்தார்கள். ரெண்டு மாதத்துக்கு முன்புதான் சென்னை வெள்ளத்தில் மிதந்திருந்தது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

இதேபோல ஒரு வேலையைத் தென்னாப்பிரிக்காவில் நெல்சன் மண்டேலா பெயரால் செய்துவந்தார்கள். மண்டேலா பொது வாழ்வில் இருந்த 67 ஆண்டுகளுக்காக 67 போர்வைகள் என்று கரோலின் ஸ்டெய்ன் தொடங்கியது பின்னர் பெரிய இயக்கமாகிவிட்டது. அமெரிக்காவில் `புராஜெக்ட் லைனஸ்' 1995-ல் தொடங்கியது. புற்றுநோய் சிகிச்சையில் இருந்த குழந்தைகளுக்குக் கையால் செய்த போர்வைகள். பீனட்ஸ் கார்ட்டூனில் எப்போதும் போர்வையைக் கட்டிப்பிடித்துத் திரியும் சிறுவன் லைனஸின் பெயரைத்தான் வைத்தார்கள். அங்கே ஒரு கண்டிப்பு உண்டு: போர்வை புதிதாக இருக்க வேண்டும், துவைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். எங்கள் அம்மிச்சி கேட்ட அதே கேள்வி!

குவில்ட் தைப்பவர்களும் நம்மூரில் கூடத் தொடங்கிவிட்டார்கள். 2019 ஜனவரியில் சென்னையில் நடந்த `இந்தியா குவில்ட் ஃபெஸ்டிவல்' அதற்கு ஒரு அடையாளம்.

துணிக்கு நம் ஊரில் பஞ்சமா?

1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் கோவையில் நூற்பாலை தொடங்கிய காலத்திலிருந்து இந்த மண்ணின் பிழைப்பு பஞ்சு, நூல், துணி. திருப்பூரில் பனியன், கரூரில் பெட்ஷீட்டும் திரைச்சீலையும், சென்னிமலையில் போர்வை, பவானியில் ஜமக்காளம், ஈரோட்டில் ஜவுளிச் சந்தை. பஸ்ஸில் ஒரு நாள் போனால் அத்தனையையும் பார்த்துவிடலாம்.

துணி வெட்டும் இடத்தில் மிச்சமும் இருக்கும்தானே. திருப்பூர் கம்பெனிகளில் கட்டிங் டேபிளில் விழும் துணி பத்தில் ஒரு பங்குக்கும் மேல். அது குப்பைக்குப் போவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கட்டிங் வேஸ்ட் வாங்குவதற்கென்றே வியாபாரிகள் உண்டு. நிறம் வாரியாகப் பிரித்து, கிழித்து மறுபடி பஞ்சாக்கி, `ஓ.இ.' மில்களில் நூலாக்குகிறார்கள். மிஷின் துடைக்கும் துணியாகவும் போகிறது. ஆகவே, `வீணாகும் துணியைக் காப்பாற்றுகிறோம்' என்ற வசனமெல்லாம் இங்கே எடுபடாது. பிட்டுத் துணியை எடை போட்டு விலை சொல்லும் ஊர் இது.

வேறொன்றுதான் இங்கே வீணாகிறது. பவர் டேபிளில் பீஸ் ரேட்டுக்குத் தைத்துக் கை பழகிய பெண்கள், கண் மங்கியதும், முதுகு பிடித்ததும், பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டு வீட்டோடு இருக்கிறார்கள். எங்கள் தெருவிலேயே நாலு பேரைச் சொல்வேன். நேர்கோட்டில் தைப்பதற்கு அவர்களுக்கு ஸ்கேல் தேவையில்லை.

சில ஊர்களில் இந்த ரெண்டையும் சேர்த்துவிட்டார்கள். சுனாமிக்குப் பிறகு, ஆரோவில்லில் உமா பிரஜாபதியின் `உபாசனா' அமைப்பு, மீனவப் பெண்களுக்கு மிச்சத் துணியில் விரல் அளவு பொம்மை செய்யக் கற்றுக் கொடுத்தது. பெயர் `சுனாமிகா'. அதற்கு விலையே கிடையாது. பரிசாக மட்டும்தான் கைமாறும். நன்கொடையில் ஓடிய திட்டம் அது. கடலைப் பார்க்கவே பயந்துகிடந்த பெண்களுக்கு அன்றைக்குக் கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது.

கேரளத்தில் லட்சுமி மேனன் வேறு கணக்கு போட்டார். 2018 வெள்ளத்தில் சேந்தமங்கலம் நெசவாளர்களின் தறிச்சேலைகள் சேற்றில் ஊறிப் பாழாயின. சுமார் 1,300 ரூபாய்ச் சேலை. கறை போகவில்லை, விற்க முடியாது. அதைத் துண்டாக்கினால் 360 பொம்மைகள். ஒன்று 25 ரூபாய் என்றால் 9,000 ரூபாய்! `சேக்குட்டி' என்ற அந்தப் பொம்மையின் உடம்பில் சேற்றுக் கறை அப்படியே தெரியும். பிறகு 2020 கொரோனா காலத்தில், பாதுகாப்பு உடை தைக்கும் இடங்களில் மலையாகச் சேர்ந்த வெட்டுத் துண்டுகளைத் தலைமுடி போலப் பின்னிப் படுக்கையாக்கினார். பெயர் `ஷய்யா'. ஊசி நூல்கூட வேண்டாம். கிராமத்துப் பெண்கள் பின்னினார்கள், கூலி வாங்கினார்கள், சிகிச்சை மையங்களில் நோயாளிகள் படுத்தார்கள்.

எனக்குச் சுனாமிகாவைவிட ஷய்யாவை ஒரு படி அதிகம் பிடிக்கும். தைத்தவருக்கும் காசு, படுத்தவருக்கும் தூக்கம்.

நீங்களும் தைக்கலாம்

மிஷின் இருக்கிறது, நாலு தோழிகள் இருக்கிறார்கள், துணியும் இருக்கிறது என்றால், நான் சொதப்பிக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

பனியன் துணியில் தொடங்காதீர்கள். இழுத்தால் வளரும், சதுரம் சதுரமாக இருக்காது. திருப்பூர்க்காரி என்ற திமிரில் முதல் போர்வையை அதில்தான் தைத்தேன். விரித்தால் அப்பளம் போல அலை அலையாக நின்றது. கரூர், ஈரோடு பக்கத்துத் தறித் துணி, பழைய பருத்திச் சட்டை, பெட்ஷீட் பிட்டு, இவைதான் சொன்னபடி கேட்கும். பனியன் துணிதான் வேண்டும் என்றால் முனை மழுங்கிய ஊசி போட்டு, பின்னால் மெல்லிய துணி ஒன்றை ஒட்டுக் கொடுத்துத் தையுங்கள்.

வெட்டுவதற்கு முன்பே எல்லாத் துணியையும் துவைத்துவிடுங்கள். சிவப்பும் கருநீலமும் சாயம் விடும்; வெள்ளைத் துணியை நனைத்துத் தேய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

6 அங்குலச் சதுரங்களாக வெட்டி, நாலு பக்கமும் கால் அங்குலம் தையலுக்கு விட்டால் ஒவ்வொன்றும் ஐந்தரை அங்குலமாக நிற்கும். அகலத்துக்கு 7, நீளத்துக்கு 9 என்று 63 சதுரங்கள் சேர்த்தால் சுமார் 38-க்கு 49 அங்குலம். சின்னப் பிள்ளைக்குப் போதும். நடுவில் வைக்கக் கடைப் பஞ்சு வாங்க வேண்டியதில்லை. தேய்ந்துபோன சென்னிமலைப் போர்வை ஒன்றை வையுங்கள். மழைக்காலத்திலும் சீக்கிரம் காயும். மூன்று அடுக்கையும் சேர்த்து நாலு விரற்கடைக்கு ஒரு வரிசை தைத்தால் துவைக்கும்போது உள்ளே சுருண்டுகொள்ளாது.

ஒரு எச்சரிக்கை. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையைத் தூங்கவைக்கும்போது தளர்வான போர்வை, குவில்ட் எதையும் போர்த்தவோ அருகில் வைக்கவோ கூடாது என்பது குழந்தைகள் மருத்துவர்களின் அறிவுரை. மூச்சு முட்டும் ஆபத்து உண்டு. எனவே, பச்சிளம் குழந்தைகளுக்குப் போர்வை தைத்துக் கொடுக்கும் ஆசை வேண்டாம். விழித்திருக்கும்போது தரையில் விளையாட விரிக்கும் விரிப்பாகக் கொடுங்கள்.

கொடுப்பதற்கு முன்னால் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். முதியோர் இல்லமோ, விடுதியோ, என்ன வேண்டும், என்ன அளவு, எத்தனை என்று. `போர்வை இருக்குங்க, தலையணை உறைதான் இல்ல' என்று சொன்னால், தலையணை உறையைத் தைத்துக் கொடுங்கள். அழகாக போட்டோ எடுக்க வராது. பரவாயில்லை.

மூலையில் ஒரு பூ

வட கர்நாடகக் காடுகளில் வாழும் சித்தி சமூகத்துப் பெண்கள் தைக்கும் `கவந்தி' போர்வையில் எனக்குப் பிடித்த ஒரு வழக்கம் உண்டு. ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே போவார்கள். முடிந்ததும் நாலு மூலையிலும் முக்கோணமாக மடித்த சின்னத் துணியை வைப்பார்கள். `பூலா', அதாவது பூ. அது இல்லாத போர்வையை அம்மணமாக இருப்பதாக நினைப்பார்களாம். பழைய துணியில்தான் தைக்கிறார்கள். ஆனாலும் அதை அப்படியே விட்டுவிட மனசு வராது.

போன மாதம் என் இரண்டாவது போர்வையை முடித்தேன். எல்லாம் அம்மிச்சி வீட்டுத் துணிகள்தான். அவருடைய சுங்குடிச் சேலை இரண்டு, அப்புச்சியின் வெள்ளைச் சட்டை ஒன்று. அப்புச்சி போய் ஆறு வருடமாகிறது. அந்தச் சட்டையை வெட்டலாமா என்று கேட்கவே எனக்கு ரெண்டு நாள் ஆனது. ``பொட்டியில கெடந்தா பூச்சி அரிக்கும் சாமி. வெட்டு'' என்றார். நாலு மூலையிலும் பூ வைத்தேன். பக்கத்து ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் முன்பே கேட்டு வைத்திருந்தேன். ஒற்றைக் கட்டில் அளவு, கனம் குறைவாக வேண்டும் என்றிருந்தார்கள்.

கொண்டுபோவதற்கு முன் அம்மிச்சியிடம் காட்டினேன். வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போனார். சட்டைத் துணி வந்த சதுரத்தில் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தார். பிறகு ஓரம் முழுக்க விரலால் தடவிக்கொண்டே வந்து, ஒரு மூலையில் நின்று, ரெண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார்.

``இங்க ஒரு தையல் உட்டுப் போச்சு கண்ணு. பிரிச்சுத் தையி. நாளைக்குக் குடுத்துக்கலாம்.''